ஓங்கோலிலிருந்து வீட்டுக்கு

ஜனவரி 5, ஞாயிறு

கிளை நூலகத்தின் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசாக இந்த டைரி கிடைத்தது. முதல் பரிசு ஒரு தண்ணீர் பாட்டில். எனக்கு இரண்டாம் பரிசே நல்லது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஏதோ ஒரு செரிமான மருந்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்க்காமல் எழுதப் பழகிக்கொள்ள வேண்டும்.

என் பெயர் செலின். ராயபுரத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா பெயர் சகாயம். காசிமேட்டில் ஐஸ் பேக்டரியில் மெஷின் ஆபரேட்டர். அம்மா ரவிக்கை தைக்கிறாள். அப்பாவுக்குச் சம்பளம் இல்லாத இன்னொரு வேலையும் உண்டு. பந்தயப் புறா வளர்க்கிறார்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பதினான்கு வருடம் புறாக்கூண்டு இருந்தது. போன ஏப்ரலில் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். இப்போது எர்ணாவூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். பள்ளிக்கு ஒரே பஸ்தான், முக்கால் மணி நேரம். பஸ்ஸில் படிக்கலாம். குறை ஒன்றும் இல்லை.

இந்த டைரிக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதக் கூடாது.

ஜனவரி 8, புதன்

கூண்டில் இப்போது இருபத்திரண்டு புறாக்கள். அப்பா காலில் மாட்டியிருக்கும் வளையத்தின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். எனக்குப் பிடித்தது நாற்பத்தேழு. சாம்பல் நிறப் பெண். போன ஜூலையில் எர்ணாவூரில்தான் முட்டையிலிருந்து வந்தாள். அகராதியில் தேடி 'தூவி' என்று பெயர் வைத்தேன். பறவையின் மெல்லிய இறகு என்று பொருள்.

"பேரு நல்லாத்தான் கீது. ஆனா போட்டியில பேரு பறக்காது, புறாதான் பறக்கணும்" என்றார் அப்பா.

இன்னொருவன் சோல்ஜர். வயதானவன். அப்பாவுக்கு மூன்று கோப்பை வாங்கிக் கொடுத்தவன். ராயபுரத்தில் பிறந்தவன். வெளியே விட்டால் வாரத்துக்கு ஒருமுறையாவது அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறான். பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில். பள்ளி விட்டதும் நான்தான் போய், தெருவில் நின்று சோளத்தைக் காட்டிப் பிடித்துவருவேன். அது எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும், ஏனென்றால் இது என் வாழ்க்கையில் முக்கியமான நாள்.

வடக்கு வானம் ஹோமர் புறா சங்கத்தின் செயலாளர் இருதயராஜ் சார் வந்திருந்தார். தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு நீல அட்டைப் பதிவேடு.

புறாப் பந்தயத்தைப் பற்றித் தெரியாதவர்கள், முதலில் வந்த புறாதான் ஜெயித்தது என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. எல்லாப் புறாக்களையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் திறந்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொன்றும் தன் தன் கூண்டுக்குத்தான் திரும்பும். வடக்கேயிருந்து வரும்போது தெற்கே கூண்டு வைத்திருப்பவரின் புறா அதிக தூரம் பறக்க வேண்டும். ஆகவே தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் பறந்தது என்று பார்ப்பார்கள். எந்தப் புறாவின் வேகம் அதிகமோ அதுதான் முதல்.

அப்படியென்றால் ஒவ்வொரு கூண்டுக்கும் வான்வழித் தூரம் சரியாகத் தெரிய வேண்டும். இதுவரை ஒரு பழைய வரைபடத்தில் நூல் வைத்து அளந்த கணக்குதான். அதில் தினமும் சண்டை.

"கண்ணு செரியா தெரில பாப்பா. நூலு ஒரு எடத்துல, நான் ஒரு எடத்துல. நீ கணக்குல தொண்ணூத்தி ஏழாமே? இருவது கூண்டையும் புச்சா அளந்து எழுதிக் குடு" என்றார் சார்.

அப்பா என்னைப் பார்க்காமல் புறாவுக்குச் சோளம் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் ஒரே தட்டில் மூன்று முறை போட்டார்.

சங்கத்தில் இருபது பேரும் ஆண்கள். பதிவேட்டைத் தொடும் முதல் பெண் நான்.

ஜனவரி 15, புதன்

நேற்றுப் பொங்கல். அம்மாவுக்கு இன்னும் பதினோரு ரவிக்கைக்குக் கொக்கி வைக்க வேண்டியிருக்கிறது. நான் நான்கு வைத்தேன். மூன்றைப் பிரித்துவிட்டாள்.

ஜனவரி 19, ஞாயிறு

அப்பாவின் வண்டியில் ஒன்பது கூண்டுகளுக்குப் போனோம். கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, காசிமேடு, ராயபுரம். முறை இதுதான்: கூண்டின் வாசலில் நின்று போனின் வரைபடத்தில் அந்தப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் வரும். பந்தயம் தொடங்குவது ஆந்திராவின் ஓங்கோலில்; அங்கே புறாவைத் திறந்துவிடும் மைதானத்தின் எண்களை வேன் டிரைவர் அனுப்பியிருக்கிறார். பூமி உருண்டை என்பதால் சாதாரணமாகக் கழித்தால் போதாது. அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. நூலகத்தில் கடல் பயணம் பற்றிய புத்தகத்திலிருந்து எழுதிவந்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை போட்டுப் பார்க்கிறேன்.

ராயபுரத்தில் தணிகாசலம் மாமாவின் கூண்டு எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி. மீன்பிடிப் படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அப்பாவுக்கும் அவருக்கும் பதினைந்து வருடப் போட்டி.

"வா டீச்சரு! என் வீட்ட தள்ளி கிள்ளி வெச்சிட போற. ஒரு மீட்டர் கொறஞ்சாலும் வுட மாட்டேன்" என்றார்.

"கூடினா?" என்று அப்பா கேட்டார்.

"கூடினா கண்டுக்க மாட்டேன்."

அவர் கூண்டுக்கு 266.100 கிலோமீட்டர். சொன்னதும், "செரிதான். ஓங்கோலு காரன்கிட்ட சொல்லு, கொஞ்சம் கிட்ட வரச்சொல்லி" என்றார்.

ஜனவரி 26, ஞாயிறு

நெல்லூரில் பயிற்சிக்குத் திறந்துவிட்டார்கள். எங்களுடையவை எட்டு. தூவி இரண்டாவதாக வந்தாள். வட்டமே போடாமல் நேராக இறங்கி உள்ளே நுழைந்தாள். கீழ்த்தளத்து பர்வீன் அக்கா, புறா எச்சத்தைப் பற்றிச் சண்டை போட மேலே வந்தவர், "நெல்லூர்ல இருந்தா? தன்னந்தனியாவா?" என்று கேட்டுவிட்டு, சண்டையை மறந்து கீழே போய்விட்டார்.

சோல்ஜர் வரவில்லை. மாலையில் தணிகாசலம் மாமா போன் செய்தார். நான் பஸ்ஸில் போனேன். அவர் சோல்ஜரைத் தன் கூண்டில் வைத்திருந்தார்.

"உங்க கெழவன் வாடக கட்டாமலே அந்த மாடில குடியிருக்கான். நான் சொல்லிட்டேன், அண்ணே, ஓனர் மாறிட்டாரு, கெளம்புனு. கேக்க மாட்றான்."

வரும்போது எங்கள் வீட்டுத் தெரு வழியாக வந்தேன். வேறு வழியும் இருக்கிறது. ஆனால் இதுதான் குறுக்கு வழி. (பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்கு வழி இல்லை. விதியை மீறாமல் இருக்க இதையும் எழுதுகிறேன்.) தெருப்பக்கச் சுவரில் உயரம் பார்க்க நான் வரைந்த அளவுகோல் அப்படியே இருக்கிறது. கேட்டில் புதுப் பூட்டு.

பிப்ரவரி 2, ஞாயிறு

பதிவேடு முடிந்தது!

பத்தொன்பது கூண்டுகளையும் நேரில் போய் அளந்து, இரண்டு முறை கணக்குப் போட்டு, நீல மையில் எழுதினேன். மூன்று பேருடைய பழைய தூரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பிழை இருந்தது. எங்களுடையதை அளக்க வேண்டிய அவசியமே இல்லை. அது எனக்கு மனப்பாடம். ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே அப்பா சொல்லித் தந்தார்: ஓங்கோலிலிருந்து நம் வீட்டுக்கு 265.400. வரைபடத்தில் எங்கள் வீட்டுப் புள்ளியின் எண்களைச் சூத்திரத்தில் போட்டுச் சரிபார்த்தேன். நூறு மீட்டர்கூட மாறவில்லை. வரைபடத்தில் அந்தப் புள்ளியை நான் கண்ணை மூடிக்கொண்டும் காட்டுவேன்.

பழைய பதிவேட்டில் பெயர், தூரம் என்று இரண்டே கட்டம்தான். நானும் அப்படியே கோடு போட்டேன்.

இருதயராஜ் சார் ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார். "தலைமை தபால் நிலையத்துலகூட இப்டி ஒரு பதிவேடு நான் பாத்ததில்ல" என்றார். அப்பா வண்டியில் வரும் வழி முழுவதும் விசிலடித்துக்கொண்டே வந்தார்.

பிப்ரவரி 10, திங்கள்

ஷகிலா மிஸ் புவியியல் செயல்திட்டம் கொடுத்தார். இரண்டு நகரங்களைத் தேர்ந்தெடுத்து, இடையே உள்ள தூரமும் பயண நேரமும் அட்டவணையாக எழுதி, வரைபடத்தோடு ஒட்ட வேண்டும். எல்லோரும் சென்னை–டெல்லி, சென்னை–மும்பை. நஸீரா சென்னை–துபாய், அவள் அண்ணன் அங்கே இருக்கிறார்.

நான் சென்னை–ஓங்கோல் என்றேன்.

"ஓங்கோல்ல ஏரோப்ளேன் எறங்காதுடி. பறக்குற நேரம்னு என்னா எழுதுவ?" என்றாள் நஸீரா.

"அடுத்த திங்கட்கிழமை சொல்றேன்" என்றேன்.

பிப்ரவரி 15, சனி

மாலை நான்கு மணிக்குச் சங்கத்தின் வேன் வந்தது. ஒவ்வொரு புறாவின் காலிலும் ரப்பர் வளையம் மாட்டினார்கள். வளையத்தின் உட்பக்கம் ஒரு எண் இருக்கும். கழற்றினால்தான் தெரியும். நாளை புறா கூண்டுக்குள் வந்ததும் வளையத்தைக் கழற்றி, எண்ணைச் சங்கத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். சொல்லும் நேரம்தான் வந்து சேர்ந்த நேரம். கூரையில் வந்து உட்கார்ந்திருந்தால் கணக்கில் வராது. உள்ளே நுழைய வேண்டும்.

நாங்கள் ஐந்து அனுப்பினோம். தூவியைக் கூடையில் விடும்போது அப்பா அவள் காதில் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். "அட்ரஸ் சொன்னேன்" என்றார்.

அப்பா நான்கு வருடமாகக் கோப்பை வாங்கவில்லை. வீடு மாறிவந்த பிறகு சங்கத்தில் சிலர், "சகாயம் கத முட்ஞ்சிது, புது எடத்துல புறா நிக்காது" என்று பேசுவது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அப்பாவுக்குத் தெரியாது.

கட்டடத்தில் ஒவ்வொரு கதவாகப் போய், நாளை காலை மொட்டைமாடியில் துணி காயப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். புறா அசையும் துணியைக் கண்டால் இறங்கப் பயப்படும். பன்னிரண்டு குடும்பமும் சரி என்றார்கள். பர்வீன் அக்காகூட.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்! வரிசையாக எழுதுகிறேன்.

காலை 6.15க்கு ஓங்கோலில் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. வானம் தெளிவு, காற்று லேசாக எதிரில். அப்பா சாப்பிடவில்லை. ஒன்பதரை மணியிலிருந்து மொட்டைமாடியில் வடக்கே பார்த்து நின்றோம். பர்வீன் அக்காவும் அவர் மாமியாரும் குடையோடு வந்து உட்கார்ந்தார்கள். யாரும் பேசக் கூடாது என்று நான் எழுதி ஒட்டியிருந்தேன்.

9.59க்கு ஒரு புள்ளி. புள்ளி என்றால் உண்மையிலேயே புள்ளிதான், பென்சில் முனை அளவு. நான் பார்த்த பிறகுதான் அப்பா பார்த்தார். அது பெரிதாகி, சாம்பல் நிறமாகி, தூவியாகி, தலைக்கு மேலே வந்தது.

வந்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்தது.

"வா கண்ணு, வா வா வா" என்று அப்பா சோள டப்பாவைக் குலுக்கினார். தூவி கழுத்தை நீட்டி ஏதோ ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். தொட்டிக்குப் பின்னால் கொடியில் அம்மாவின் சிவப்புச் சேலை, கொடிபோலப் பறந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு குடும்பத்திடம் சொன்னோம். எங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஓடிப்போய் எடுக்கவும் முடியாது. ஓடினால் இன்னும் மிரளும். அப்பா அசையாமல் நின்றார். அவர் கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன். மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் தணிகாசலம் மாமாவின் புறா இறங்கியிருக்கும், கொருக்குப்பேட்டைக்காரருடையது இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு தூவி இறக்கையை மடித்து, குதித்து, நடந்து உள்ளே போனாள், கடைக்குப் போகிறவள்போல.

அப்பா வளையத்தைக் கழற்ற, நான் எண்ணைச் சொன்னேன். 10.02.

பிற்பகல் சங்கத்தில் முடிவு வாசித்தார்கள். சகாயம், 265.400 கிலோமீட்டர், 227 நிமிடம், நிமிடத்துக்கு 1169.16 மீட்டர். இரண்டாவது தணிகாசலம், 232 நிமிடம், 1146.98.

"புது எடத்துல நிக்காதுன்னு சொன்ன வாயெல்லாம் எங்க?" என்று கேட்டது அப்பா இல்லை, தணிகாசலம் மாமா. பிறகு அப்பாவின் தோளில் குத்தினார். "பாவி மனுசா, புது எடம் போயும் என்ன நிம்மதியா வுட மாட்ற."

கோப்பையை அப்பா என் மடியில் வைத்து, வண்டியில் கூட்டிவந்தார். வழியில் மூன்று பேரிடம் நிறுத்திக் காட்டினார். ஒருவரை எங்களுக்குத் தெரியாது.

பிப்ரவரி 17, திங்கள்

நஸீராவிடம் சொன்னேன்: சென்னை–ஓங்கோல், வான்வழியே 265.400 கிலோமீட்டர். ரயிலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம், நிற்கும் இடங்களைப் பொறுத்து. பறந்தால் மூன்று மணி நாற்பத்தேழு நிமிடம்.

"எந்த ஏர்லைன்ஸ்?"

"எங்க ஏர்லைன்ஸ்."

பிப்ரவரி 20, வியாழன்

செயல்திட்டம் காட்டினேன். பெரிய அட்டையில் கடற்கரையை நீலத்தில் வரைந்து, மேலே ஓங்கோல், கீழே சென்னை. நடுவில் சிவப்புக் கோடு. கோட்டின் முடிவில் அம்மாவின் சாந்துப் பொட்டு ஒன்றை ஒட்டி, 'வீடு' என்று எழுதியிருந்தேன்.

ஷகிலா மிஸ்ஸுக்கு மிகவும் பிடித்திருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பொட்டு ராயபுரத்துல இருக்கே. நீ எர்ணாவூர்ல இருந்துதான வர்ற? ஜூன்லயே அட்ரஸ் மாத்திக் குடுத்தியே."

"ஆமா மிஸ்."

"அப்போ புறா எங்கம்மா இறங்குச்சு?"

அதற்குமேல் மிஸ் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

பஸ்ஸில் போன் வரைபடத்தில் எங்கள் கட்டடத்தின் புள்ளியை எடுத்துக் கணக்குப் போட்டேன். எர்ணாவூர் வடக்கே இருக்கிறது. ஓங்கோலிலிருந்து வந்தால் முதலில் எர்ணாவூர், பிறகுதான் ராயபுரம். தூவி எங்கள் வீட்டுக்குப் பறக்கவில்லை. எட்டு கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கிவிட்டாள்.

257.100. வகுத்தல் 227. நிமிடத்துக்கு 1132.60.

தணிகாசலம் மாமா 1146.98.

பஸ் குலுங்கியதால் தப்பாக வந்திருக்கலாம் என்று இறங்கியும் போட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஆங்கிலத் தேர்வு. பரவாயில்லை. அம்மா கோப்பைக்குக் கீழே விரிக்க ஒரு துணியில் பூ பின்னிக்கொண்டிருக்கிறாள். அழகாக இருக்கிறது. கணக்கை நான்காவது முறை போட்டேன்.

யாருக்கும் தெரியாது. மிஸ்ஸுக்குப் புறாச் சங்கம் தெரியாது. சங்கத்துக்கு மிஸ்ஸைத் தெரியாது.

பிப்ரவரி 22, சனி

காலையில் அப்பா கூண்டைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். நான் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொன்னால் என்ன ஆகும் என்று நேற்றே இரண்டு வரியாக எழுதிப் பார்த்திருந்தேன். அப்பாவின் கோப்பை போகும். என் பதிவேடு போகும். இந்த இரண்டும் போன பிறகு எர்ணாவூரில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று மூன்றாவது வரி எழுதி, அடித்துவிட்டேன்.

சொன்னேன்.

அப்பா சுரண்டுவதை நிறுத்தவில்லை. ஒரு தட்டை முழுவதும் சுரண்டி முடித்தார்.

"குவைத்துல சித்தப்பாக்குக்கூட போட்டோ அனுப்பிட்டனே" என்றார்.

"தெரியும்பா."

"அந்தாளு அவன் முதலாளிக்கு அனுப்பிக்கிறான். அரபிக்காரன் வாழ்த்துலாம் சொல்லிக்கிறான்."

அப்பா சுரண்டும் தகட்டைக் கீழே வைத்தார்.

"நான்கூட யோசிக்கல பாரு. ரெண்டு அறுபத்தஞ்சு நானூறுன்னு வாசிச்சப்ப, நம்ப வீடுதானேன்னு தலையாட்டிட்டேன். இத்தினி வருசம் அதே நம்பரு." பக்கெட்டை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். "இப்ப எவ்ளோ?"

"ரெண்டு அம்பத்தேழு நூறு. ரெண்டாவது இடம்பா."

"ரெண்டாவதா? மூணாவது இல்லியே?"

"இல்ல. மூணாவது வர்றவரு ஆயிரத்து நூத்திப் பத்துதான்."

அவர் விரலை மடக்கி ஏதோ எண்ணினார். "அந்த மூணு நிமிசம் தொட்டி மேல நின்னுச்சே. நிக்காம உள்ள போயிருந்தா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. 224ஆல் வகுத்தேன். 1147.77.

இரண்டு பேரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஜெயிச்சிருப்போமா?"

"முக்கால் மீட்டர்ல ஜெயிச்சிருப்போம்பா. நியாயமாவே."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். பக்கெட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். புறாக்கள் எல்லாம் படபடத்தன. "உங்கம்மா சேல! ஓங்கோலு, நெல்லூரு, கழுகு, கரண்டு கம்பி எல்லாத்தயும் தாண்டி வந்த புறாவ, உங்கம்மா சேல புட்ச்சி நிறுத்திட்ச்சி!"

"என் சேலைய பத்தி இன்னா பேச்சு அங்க?" என்று கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

சிரித்து முடித்ததும் கோப்பையை எடுத்துவரச் சொன்னார். பனியனால் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "நாளைக்கு நீயே சொல்லு. உன் கையெழுத்து, நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சங்கம் கூடுவது ஒரு டீக்கடையின் மாடியில். பதினேழு பேர் வந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று, எந்தக் கட்டத்தில் பிழை, எவ்வளவு பிழை, சரியான முடிவு என்ன என்று படித்தேன். குரல் நடுங்கவில்லை. அதை இங்கே குறித்துவைக்கிறேன்.

பின்னாலிருந்து ஒருவர், "சின்னப் புள்ளைங்க கைல குடுத்தா இப்டித்தான் ஆவும்" என்றார். இன்னொருவர், "அவங்க வீட்டுக்கு மட்டும் கரெக்டா தப்பாயிருச்சா?" என்றார். அப்பாவின் கை முறுக்கிக்கொண்டதைப் பார்த்தேன். ஆனால் அவர் சொன்னபடி பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

தணிகாசலம் மாமா எழுந்தார்.

"இரு இரு. மத்த பத்தொம்போது கூண்டு?"

"சரியா இருக்கு மாமா. ஒவ்வொண்ணும் ரெண்டு தடவ போட்டேன்."

"உங்க கூண்ட எத்தினி தடவ அளந்த?"

"அளக்கவே இல்ல."

"ஏன்?"

"அது எனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. நான் சோல்ஜரைத் தேடிப் போகும்போதெல்லாம் எந்தத் தெரு வழியாகத் திரும்பிப் போகிறேன் என்று அவர் வீட்டு மாடியிலிருந்து தெரியும். இப்போதுதான் அது எனக்கு உறைத்தது.

"யாராவது இது தப்புன்னு கண்டுபுட்ச்சோமா? நான் கண்டுபுட்ச்சேனா? செயலாளரு? எல்லாரும் சகாயண்ணன் வூடு காலி பண்ணப்ப சாமான் தூக்கினவங்கதான?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "சொல்லாம இருந்தா கோப்ப அவங்க வூட்லயே இருந்திருக்கும். பதிவேடு இதுகிட்டயே இருக்கட்டும். ஆனா ஒரு விதி போடுங்க. யாரோட கூண்டயும் அவங்களே அளக்கக் கூடாது. வேற ஒருத்தர் வந்து நிக்கணும்."

கை தூக்கினார்கள். பதினான்கு பேர். 'சின்னப் புள்ளைங்க' என்று சொன்னவர் தூக்கவில்லை.

கோப்பையை அப்பா தன் கையாலேயே கொடுத்தார். தணிகாசலம் மாமா, வேண்டாம் வைத்துக்கொள் என்றெல்லாம் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, முத்தம் கொடுத்து, சைக்கிள் ஹாண்டில்பாரில் கட்டி, தெரு முழுக்க மணியடித்துக்கொண்டு போனார். அப்பா அவர் போன திசையையே பார்த்தார்.

"அடுத்தது விஜயவாடா" என்றார்.

பிப்ரவரி 26, புதன்

பள்ளியிலிருந்து வந்ததும் அம்மா கூப்பிட்டு, பூ பின்னிய துணியைக் காட்டினாள். கோப்பை இல்லை, துணியை என்ன செய்வது என்று கேட்டேன். "தூவி முட்ட வெச்சா, அதுக்குக் கீழ விரி" என்றாள். சிவப்புச் சேலையை அப்பா இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். பந்தய சீசன் முடிந்துதான் சாவி கிடைக்குமாம்.

மார்ச் 2, ஞாயிறு

இருதயராஜ் சாரும் தணிகாசலம் மாமாவும் அளக்க வந்தார்கள். விதிப்படி நான் போனைத் தொடவில்லை. மாமாதான் கூண்டின் வாசலில் நின்று, சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு, புள்ளியை அழுத்திப் பிடித்தார். எண்களை உரக்கப் படித்தார். பர்வீன் அக்கா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். எச்சம் இப்போதும் விழுகிறது, ஆனால் "நம்ம புறா" என்கிறார்.

நான் சூத்திரத்தைப் போட்டேன். சார் தன் கால்குலேட்டரில் போட்டார். இரண்டும் ஒன்றே.

சோல்ஜர் போன வாரமும் ராயபுரம் போய்விட்டான். மாமா அவனைக் கொண்டுவரவில்லை.

"அவன எங்கிட்டயே வுட்டுடு செலினு. தெனம் காலைல அந்த மாடில போய் ஒரு ரவுண்டு உக்காந்துட்டு, சாப்பாட்டுக்கு எங்கிட்ட வந்துர்றான். எதுக்கு அலைய வுட்ற?"

அப்பா என்னைப் பார்த்தார். முடிவு என்னுடையது என்று புரிந்தது. சரி என்றேன். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் தொட்டியின் நிழலில் போய் நின்றேன். வெயில் அதிகம்.

அவர்கள் போனதும் பதிவேட்டைத் திறந்தேன். பெயர், தூரம் என்ற இரண்டு கட்டத்துக்கு நடுவே, எல்லாப் பக்கத்திலும் புதிதாக ஒரு கோடு போட்டேன். மேலே 'வீடு இருக்கும் இடம்' என்று எழுதினேன். இருபதாவது வரியில் பழைய எண்ணை ஒரே கோட்டால் அடித்து, படிக்கும்படி விட்டு, பக்கத்தில் 257.100 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிழையை மறைக்கக் கூடாது என்று சார் சொல்லியிருக்கிறார்.

செயல்திட்ட அட்டையிலும் ஒரு வேலை பாக்கி இருந்தது. பொட்டை எடுத்து, எட்டு கிலோமீட்டர் வடக்கே ஒட்டினேன். பழைய இடத்தில் பசை போகவில்லை. லேசாக ஒரு வட்டம் இருக்கிறது. மிஸ் நாளை சுவரில் மாட்டுகிறார். அட்டவணையின் கடைசி வரியை மாற்றி எழுதிவிட்டேன். தூவி இதில் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதால் அவள் பெயரையும் சேர்த்தேன்.

ஓங்கோல் – எர்ணாவூர், எங்கள் வீடு. தூரம்: 257.100 கி.மீ. பறந்த நேரம்: 3 மணி 47 நிமிடம். பறந்தவர்: தூவி. இரண்டாம் இடம்.